முட்டி பாஸ் ஆகும், காது ஆகாது

1. ஒரே பாறை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு முன்னாள் ராணுவ வீரரின் வலது முழங்காலை நான் உடைத்தேன். கம்ப்யூட்டரில்தான்.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ராணுவத்தில் இருந்தபோது உடம்பில் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கு வழக்கமான பென்சனோடு கூடுதலாக ஒரு தொகை உண்டு. டிஸெபிலிட்டி பென்சன் என்பார்கள். அதற்கு மனு எழுதிக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். முதலாளி தனசேகர் சார் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. பச்சை பெல்ட் மட்டும் போட்டிருப்பார்.

"இந்தா பாரும்மா ஆக்னஸ், இதுதான் மாஸ்டர் காப்பி. பேரு, ஊரு, ஆர்மி நம்பரு. இந்த மூணு எடத்துலதான் கை வைக்கணும். மத்ததத் தொட்ட, கெட்ட."

மாஸ்டர் காப்பியில் ஒருவர் பனிமலையில் ரோந்து போகிறார். பாறையில் வழுக்கி விழுகிறார். வலது முழங்கால் ஜவ்வு கிழிகிறது. எப்போதோ யாருக்கோ அந்த மனு பாஸாகியிருக்கிறது. அன்றிலிருந்து குச்சனூர்க்காரர், சின்னமனூர்க்காரர், வடுகபட்டிக்காரர் என்று எல்லோரும் அதே மலையில், அதே பாறையில் வரிசையாக வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர்.

"சார், இவரு பனியவே பாத்ததில்லைங்கறாரு."

"ஃப்ரிட்ஜுல பாத்துருப்பாருல்ல? டைப் பண்ணும்மா."

எனக்கு எதையும் வேகமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் அந்த மனுவைப் பார்க்காமலே அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகுதான் அலுப்புத் தட்டியது. அலுப்புத் தட்டினால் நான் கேள்வி கேட்க ஆரம்பிப்பேன்.

2. டீயா, காப்பியா

காமயகவுண்டன்பட்டி முருகேசன் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பீரங்கிப் படை. இப்போது திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவருடைய முட்டி மனுவை நான் வருவதற்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். ராணுவ டாக்டர்கள் சோதிக்கும் மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்ததால், மனைவி பேச்சியம்மாளோடு ஆபீசுக்கு வந்தார்.

போர்டுக்குப் போகிறவர்களுக்கு உள்ளறையில் தனசேகர் சார் நொண்டக் கற்றுக்கொடுப்பார். அன்றும் வகுப்பு நடந்தது.

"வலது காலுண்ணே, வலது! பேப்பர்ல வலதுன்னு இருக்கு. எடது கால இழுத்தா கம்பெனி பொறுப்பில்ல."

முருகேசன் அவர் வாயையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டு நடந்தார். நடை முடிந்து என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பீரோ பக்கம் திரும்பி ஃபைலைத் தேடிக்கொண்டே, "டீ சாப்புடுறீங்களா, காப்பியா?" என்றேன்.

"ஆமாம்மா" என்றார்.

பேச்சியம்மாள் என் பக்கம் குனிந்தார். "பாப்பா, அவுகளுக்குக் கேக்காது. வாயப் பாத்துத்தான் பேசுவாக. பீரங்கிச் சத்தத்துல போனது. காதுக்குத்தான் எழுதச் சொல்லி வந்தோம். இங்கன எதுக்கு நொண்டச் சொல்றாக?"

தனசேகர் சார் உள்ளேயிருந்தே பதில் சொன்னார். "காதுக்கு அலைச்சல் ஜாஸ்தி ஆத்தா. முட்டி பாஸ் ஆகும், காது ஆகாது. அனுபவத்துல சொல்றேன்."

அதில் பாதி உண்மை. பணியிலிருந்து விடுபடும்போது ரிலீஸ் மெடிக்கல் என்று ஒரு பரிசோதனை உண்டு. முருகேசன் போனபோது எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "சப் டீக் ஹை?" என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாம் நலமா என்று அர்த்தம். வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பவன் என்ன சொல்வான்? "டீக் ஹை" என்று வரிசையே சொன்னது. யாருடைய காதையும் சோதிக்காமலே, ஆறு மீட்டர் தூரத்தில் பேசினால் கேட்கிறது என்று எல்லோருக்கும் எழுதிவிட்டார்கள். பிறகு அவர் தானாகப் போட்ட காது மனு அந்த ஒரு வரியைக் காட்டித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் தனசேகர் சாரிடம் வந்திருக்கிறார்.

அவர் போர்டில் நொண்டி மாட்டிக்கொண்டால் பொய் மனு போட்டவர் என்று ஆகிவிடும். காது மனுவை அதற்கப்புறம் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேச்சியம்மாள் கேட்டதற்கு நான் இதைத்தான் சொன்னேன்.

"அப்ப நொண்ட வேணாம்" என்றார். "புக்க வாங்கிக் குடு, நாங்க போறோம்."

3. படிக்கட்டு

டிஸ்சார்ஜ் புக் இல்லாமல் ஒரு முன்னாள் ராணுவ வீரர் எந்த ஆபீசிலும் எதுவும் கேட்க முடியாது. அவர் எங்கே, எத்தனை வருடம் பணி செய்தார் என்பதற்கு அதுதான் சான்று. எங்கள் ஆபீசில் எல்லோருடைய ஒரிஜினல் புத்தகமும் இரும்பு பீரோவில் இருந்தது. சாவி தனசேகர் சாரின் பெல்ட்டில். கேஸ் முடிந்தால்தான் தருவார்.

மறுநாள் காலை பேச்சியம்மாள் மட்டும் தூக்குவாளியோடு வந்தார். மாடிக்கு வரவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். படியேற வந்த ஒருவரை நிறுத்தினார்.

"தம்பி, உங்களுக்கு எங்கன அடி?"

"தோளுலக்கா."

"மேல போனா முட்டிம்பாக. நொண்டத் தெரியுமா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் நின்று கேட்டார். இருவரும் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். மேலே ஏறி வந்த இன்னொருவர் எதையும் எழுதச் சொல்லவில்லை. "எம் புக்கக் குடுங்க சார், ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தாரேன்" என்றார்.

தனசேகர் சார் கீழே இறங்கிப் போனார். நான் ஜன்னலில் நின்றேன்.

"ஏத்தா, இது என்ன வாரச்சந்தையா? எந்திரி."

"புக்கக் குடுங்க, எந்திரிக்கேன்."

"போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. அவுகளுக்கும் எங்கன அடின்னு கேப்பேன்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் புத்தகம் அவர் கைக்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் என் வேலை போய்விட்டது. "இத்தன நாள் வராத கேள்வி உன்னாலதான் வந்துச்சு" என்றார் முதலாளி. அது சரிதான். நான் மறுக்கவில்லை.

4. பொய்யைவிடக் கஷ்டம்

தேனியில் ராணுவப் பென்சன் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் சேர்ந்தேன். அங்கே நான் அடித்த முதல் கடிதம் முருகேசனுடையது. முழங்கால் நன்றாக இருக்கிறது, அந்த மனு அவரைக் கேட்காமல் எழுதப்பட்டது, அவருக்குக் குறை காதில்தான், சோதித்துப் பாருங்கள். இவ்வளவுதான். பாறையும் இல்லை, பனியும் இல்லை. பல மாதம் கழித்துப் புதிதாகப் போர்டுக்கு வரச்சொன்னார்கள்.

உண்மையைச் சொல்ல ஒத்திகை எதற்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் போர்டில் கேட்பதுபோல ஒருமுறை கேட்டுப் பார்த்தபோது அவர் பட்டென்று "டீக் ஹை" என்றார். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராகக் காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் பிடித்தேன்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். பேச்சியம்மாள் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் உடனே திரும்பினார். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் திரும்பினார்.

"கேக்குது பாரும்மா!" என்றார் பெருமையாக.

காதும் பொய்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பேச்சியம்மாளுக்கு இல்லை. "ஏலே, அந்த நாயப் புடிச்சு அங்கிட்டுக் கட்டுங்கடா" என்று பக்கத்துப் பையன்களைப் பார்த்துக் கத்தினார். நாய் முருகேசனின் காலடியில் படுத்திருந்தது. யாராவது கூப்பிட்டால் அதன் காது அசையும். அதைப் பார்த்துத்தான் அவர் திரும்பியிருக்கிறார். நாயைக் கட்டிய பிறகு அவர் திரும்பவே இல்லை.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்கய்யா" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"அது வாயில வராதும்மா" என்றார். "பீரங்கிக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு ஆர்டர் காதுல விழலன்னா ஆளு செத்துருவான். கேக்கலன்னு சொன்னா அடுத்த நிமிசம் நம்மள அங்கருந்து மாத்திருவாங்க. பக்கத்துல நிக்கிறவன் கையப் பாத்துக்கிட்டே கடைசி ஆறு வருசம் ஓட்டுனேன்."

பேச்சியம்மாளுக்கும் இது புதிய செய்தி. "எங்கிட்டயும் சொல்லலியே நீக" என்றார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.

5. போர்டு

மனைவியை உள்ளே விடவில்லை. நடந்ததை முருகேசனே வக்கீல் ஆபீசுக்கு வந்து சொன்னார்.

"அந்த டாக்டர் சாஹிப் பேப்பரப் பாத்துக்கிட்டே கேக்குறாரு. வாயி சரியாத் தெரியல. ஒதடு நின்னவொடனே டீக் ஹைன்னேன். இன்னொண்ணு கேட்டாரு. டீக் ஹைன்னேன். அவரு பேனாவ எடுத்து எழுதப் போனாரு. இவ வெளிய பெஞ்சுல ஒக்காந்துருக்கா. திரும்பிப் போயி இவகிட்ட என்னத்தச் சொல்ல? அட்டென்சன்ல நின்னேன். 'சாஹிப், சுனாயி நஹீ தேத்தா, எனக்குக் காது கேக்கல. இம்புட்டு நேரம் நீங்க என்ன கேட்டீகன்னே தெரியாது'ன்னுட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பேப்பரக் கீழ வச்சாரு. அப்ப எதுக்கு டீக் ஹை சொன்னன்னு கேட்டாரு. ஆபீசர் கேட்டா ஜவான் வேற என்ன சாஹிப் சொல்லுவான்னேன். சிரிச்சுட்டாரு."

ஒலி சோதிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைத் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவர் பெரும்பாலும் அழுத்தவில்லை.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. பீரங்கிப் படைப் பணியால் ஏற்பட்ட செவித்திறன் குறைவு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதை முருகேசனின் முகத்துக்கு நேரே நின்று இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "என்னயப் பொய்யன்னு எழுதலியே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

தனசேகர் சாரின் மாஸ்டர் காப்பி இப்போது காதுக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ராணுவத்தில் இருந்தவரிடம் "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். ஒன்றுமில்லை என்பதுதான் பதிலாக வரும். கூட வந்தவரிடம் கேளுங்கள். வீட்டில் எது மாறியிருக்கிறது, எதை அவர் செய்யாமல் விட்டுவிட்டார் என்று கேளுங்கள். அந்த விண்ணப்பத்தில் மனைவியின் பேச்சுக்கு இடம் கிடையாது. ஆனாலும் நான் அவர்களிடம்தான் முதலில் கேட்கிறேன்.

காது மெஷின் மாட்டிய அன்று இருவரும் வக்கீலின் மாடி ஆபீசுக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் வழக்கம்போலப் பேச ஆரம்பித்ததும் முருகேசன் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார்.

"ஏன்த்தா இப்புடிக் கத்துற?"

"நான் எங்க கத்துறேன்? பேசத்தான செய்றேன்" என்றார் அவர். கீழே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.