அக்கா தட்டிப் பார்த்த சட்டிகள்

எங்கள் உறவில் யார் புதுக்குடித்தனம் போனாலும் பாத்திரக் கடைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். ஒரு சட்டியைக் கையில் வாங்கியதும் முதலில் கனம் பார்ப்பாள். பிறகு குப்புறக் கவிழ்த்து, அடி சமமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவாள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவாள். கடைசியில் சட்டியை இரண்டு விரலில் தொங்கவிட்டு, காதருகே கொண்டுபோய், விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்று வந்தால் சட்டி பிழைத்தது. டொக்கென்று வந்தால், கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் வாங்க விடமாட்டாள். அவள் எடுத்துக் கொடுத்த வாணலிகள், வீடு மாறி, ஊர் மாறி, ஓரிரு இடங்களில் புருஷனே மாறிய பிறகும் அப்படியே இருக்கின்றன. தட்டுராணி என்று அவளுக்குப் பட்டப்பெயர்.

அக்காவுக்கு சோடா கம்பெனியில் வேலை. பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே நின்று, விரிசல் விட்டதையும் அழுக்குப் படிந்ததையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். பாட்டிலோடு பாட்டில் மோதுகிற அந்த இரைச்சலில் ஒருத்தி பேசுவதை இன்னொருத்தி உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அங்குள்ள பெண்கள் எல்லோரும் அதில் பலே கைகாரிகள். சூப்பர்வைசரைப் பற்றி அவர் பக்கத்திலேயே நின்று வாயை மட்டும் அசைத்துப் பேசிச் சிரிப்பார்களாம். வீட்டுக்கு வந்தால் அக்காவுக்கு வெண்கலத் தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் மேல்மாடிக்காரர் பதில் சொல்வார்.

இப்படிப்பட்டவள் வீட்டில் சட்டி கருக ஆரம்பித்தது. முதலில் பால் அடிபிடித்தது. பிறகு வெங்காயம் கரியானது. ஒருநாள் முட்டை வேகவைத்த தண்ணீர் முழுக்க வற்றி, முட்டைகள் வெடித்து, ஓடு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இப்போ வர்ற பாத்திரம் எல்லாம் தகரம்டி" என்று சொல்லி அக்கா புதுச்சட்டி வாங்கினாள். அதுவும் கருகியது. இன்னொன்று வாங்கினாள். அதுவும் கருகியது. அத்தான் பஸ் டிரைவர், சாதாரணமாகச் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லாத மனுஷர். அவரே என்னிடம், "கரி தின்னு தின்னு என் பல்லு வெளுத்துப்போச்சு, பாத்தியா?" என்று வாயைத் திறந்து காட்டினார்.

அக்கா மகள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சித்தி, அம்மாவைப் பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறாங்க. எங்கயோ யோசனையில இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா முதலில் அடுப்பை மறந்தாள். அடுத்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள். கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்து, "உங்கள்ல யாரு பெரியவ?" என்று கேட்டாள். அப்புறம் அதையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கடைக்கு வரச் சொன்னாள். எனக்குப் பாத்திரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் வாயாடுவதுதான் என் தொழில். இருந்தாலும் போனேன். பஸ்ஸில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாள்: "சட்டிதாண்டி காரணம். அடி கனமா, நல்லதா ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடும்."

"சரியாகலேன்னா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"சரியாகலேன்னா அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

பஸ் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கை அப்படியே நின்றது. அவளுக்கு வந்தால் எனக்கும் வரும். எங்களுக்கு ஒரே மூக்கு, ஒரே முழங்கால் வலி.

கடைக்குள் நுழையும்போது எனக்குச் சட்டி என்றால் சட்டி, அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் தலை கிறுகிறுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்ட சேல்ஸ்மேன் ஒருவர், "மூணு அடுக்கு மேடம். ரெண்டு ஸ்டீலுக்கு நடுவுல அலுமினியம் இருக்கு. சூடு சமமாப் பரவும், அடிபிடிக்காது" என்றார். பக்கத்தில் நின்ற குண்டு சேல்ஸ்மேன், "எதுக்கு அதெல்லாம்? இரும்பு வாங்குங்க. உங்களுக்கப்புறமும் இருக்கும்" என்றார். "துருப்பிடிக்குமே?" என்றேன். "எண்ணெய் தடவி வச்சா பிடிக்காது." நான்ஸ்டிக்கில் ஒட்டாது, ஆனால் பூச்சு உரியும். செம்பு அடி சீக்கிரம் சூடாகும், ஆனால் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். சரி, எதைத்தான் வாங்குவது என்று கேட்டால், "அது உங்க சமையலைப் பொறுத்தது மேடம்" என்கிறார்கள். எங்கள் சமையல்தான் கருகிக்கொண்டிருக்கிறதே!

அக்கா இதில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல அடுக்கைக் கலைத்து, ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தாள்.

"டொக்கு." கீழே வைத்தாள். "இதுவும் டொக்கு." அதையும் வைத்தாள்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. அவள் தட்டிய சட்டி கணீரென்றுதான் கேட்டது. எனக்குத்தான் டொக்கும் கணீரும் தெரியவில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, பேரம் பேசுவதற்காக வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறாளோ என்று தோன்றியது. அப்படியும் இல்லை. அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஸ்டீல், செம்பு, இரும்பு, பெரியது, சின்னது, எல்லாம் டொக்கு. தரையில் சட்டிகள் குவிந்துவிட்டன. "ஒண்ணுகூட நல்லதா இல்லையாடி உலகத்துல?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

மூக்குக்கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்கா குனிந்து ஒரு சட்டியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் மூடியைத் தூக்கிப் பிடித்து, கரண்டியால் நங்கென்று அடித்தார். "இதைவிடவா மேடம் சத்தம் வேணும்?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். யாரோ இடுப்பில் இருந்த குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அக்கா மட்டும் நிம்மதியாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி நானும் அடித்தேன். இரண்டு தடவை அடித்தேன். அவள் திரும்பவில்லை.

அக்கா எப்படிச் சமைப்பாள் என்று அப்போதுதான் யோசித்தேன். அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். மூடி தடதடவென்று ஆடினால் வந்து இறக்குவாள். வெங்காயத்தின் சத்தம் ஈரம் போய்க் காய ஆரம்பித்தால் ஓடிவந்து கிளறுவாள். எங்கள் இருவருக்கும் அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு சமைக்க. அடுப்பங்கரையில் நின்று சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது அக்காவுக்குக் கையாலாகாதவர் செய்கிற வேலை.

நான் அவள் எதிரில் போய் நின்றேன். "அக்கா, சட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் காது கேக்கல."

"யாருக்குடி காது கேக்கல? நீ பேசுறது கேக்குதே!"

நான் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னேன். "இப்ப என்ன சொன்னேன்?"

அவள் என் கையையே பார்த்தாள். "என்னத்தையோ முணுமுணுன்னே."

"அக்கான்னு கூப்பிட்டேன்."

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்து, "அப்ப காதுதானா?" என்று கேட்டாள்.

"காதுதான்."

"தலை இல்லையே?"

"தலை கல்லாட்டம் இருக்கு. யாரு கல்யாணத்துல யாரு உன்னை மதிக்கலேன்னு இன்னிக்கும் வரிசையா சொல்றியே!"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு எழுந்து நின்று, பிள்ளை பரீட்சையில் பாஸான சேதியைச் சொல்வதுபோல, அந்த வெண்கலத் தொண்டையில் கடைக்கே அறிவித்தாள்: "தம்பி! எனக்குக் காதுதான் கேக்கல!"

மூக்குக்கண்ணாடிக்காரர், "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார்.

அன்று மூன்றடுக்கு ஸ்டீல் சட்டி ஒன்றும் கண்ணாடி மூடி போட்ட வாணலி ஒன்றும் வாங்கினோம். அக்கா கனம் பார்த்தாள், அடி பார்த்தாள், கைப்பிடியை ஆட்டினாள். தட்டுவது மட்டும் என் தலையில் விழுந்தது. எனக்கு ஏதோ திருடுவது போலிருந்தது.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். அவர் என்னென்னவோ கேட்டு, எழுதச் சொல்லி, ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். காதுதான். பாட்டில் இரைச்சல் தின்றுவிட்டது, மெல்லிசான கூரான சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்ப வராது, மெஷின் வைத்தால் ஓரளவு உதவும் என்றார். அக்கா அவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று வாணலியை ஏற்றினாள். வெங்காயத்தைப் போட்டு மூடினாள். துணி மடிக்கப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மூடிக்குள் பார்த்தபடி நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். வெங்காயம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"இப்ப எப்படிடி சத்தம் வருது?" என்று கேட்டாள். "எனக்கு மறந்துபோயிடும் போலிருக்கு. ஒரு தடவை சொல்லிக் காட்டேன்."

நான் அவள் முகத்துக்கு நேரே திரும்பி, பல்லைக் கடித்து, ஸ்ஸ்ஸ்ஸ் என்று சொல்லிக் காட்டினேன்.

அக்கா என் உதட்டையே உற்றுப் பார்த்தாள். காத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி" என்றாள். "ஏன் சும்மா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறே?"

நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.