ராத்தா வீட்டில் கேட்ட குரவை

எங்கள் சாச்சிக்கு வாய்க்குள் இரண்டு நாக்கு இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குச் சந்தேகம். வாப்பாவின் தம்பியின் மனைவி அவர். கலியாண வீட்டில் மாப்பிள்ளை வாசல் கடப்படியில் கால் வைக்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்களே, அதைச் சாச்சி போட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மூச்சு முடிகிற இடத்தில் இன்னும் ஒரு முழம் இழுப்பார். எனக்கு அது வரவே வராது. எத்தனையோ கலியாணத்தில் முயன்று பார்த்துவிட்டேன், வெறும் காற்றுத்தான் வரும்.

“நீ சும்மா இரி புள்ள, மாப்புள பயந்து திரும்பிப் போயிருவாரு” என்று சாச்சி என் வாயைப் பொத்துவார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் ராத்தாவின் பாட்டுக் கச்சேரியைக் கலியாணமாக்கியது அந்த நாக்குத்தான்.

ராத்தா என் உடன்பிறந்த மூத்தவள். பிரதேச செயலகத்தில் வேலை. நாற்பதைத் தொடப் போகிறாள், கலியாணம் ஆகவில்லை. எங்கள் ஊர் மருதமுனையில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் வீடு கட்டத் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறுவது அந்த வீட்டில்தான். எங்கள் வாப்பாவும் ஒரே வளவில் இரண்டு வீடு கட்டினார். சின்னதில் நான் என் கணவரோடும் பிள்ளைகளோடும் இருக்கிறேன். பெரியது ராத்தாவுடையது. “கலியாணத்தண்டைக்கு நூறு பேர் இரிக்கோணும்” என்று சொல்லிச் சொல்லி வாப்பா அதன் ஹோலைப் பெரிதாகக் கட்டினார். பேசி வந்த இடங்கள் ஒன்றும் சரிவரவில்லை. வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். மழைக்காலத்தில் ராத்தா அந்த ஹோலில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது, கவி கட்டுவாள். எங்கள் பக்கத்து வயல்களிலும் வீடுகளிலும் பாடுகிற அதே நாலு வரிக் கவிதான். ஆனால் ராத்தா கட்டுவது அலுவலகத்தில் சுற்றாத ஃபேனைப் பற்றி, விடுமுறை கேட்டு வருகிறவர்களின் புளுகைப் பற்றி, நான் காய்ச்சுகிற மீன் ஆணத்தின் ருசியைப் பற்றி. மீன் ஆணக் கவியை என் கணவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அந்த மனிசனுக்கு எங்கள் கலியாண நாள் ஒருபோதும் ஞாபகம் வராது. குரல் எப்படி என்று கேட்டால், கேட்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும், அவ்வளவுதான் சொல்லத் தெரியும். ஆனால் வெளியாள் ஒருவர் முன்னாலும் வாய் திறக்க மாட்டாள்.

ஆகவே நான் களவெடுத்தேன். அவள் குசினியில் சமைத்துக்கொண்டே பாடியதை ஒளித்திருந்து ஃபோனில் பதிந்து, என் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிற பாலமுனை ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கிற்றார் வாசிப்பவர். வயலினும் புல்லாங்குழலும் கையால் தட்டுகிற றபானும் வாசிக்கிற மூன்று கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு, மைக்கும் ஸ்பீக்கரும் இல்லாமல் வீடு வீடாகப் போய் இந்தக் கவிகளை வாசிக்கிறவர். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் என்னை மறித்தார்.

“டீச்சர், இது ஆர் பாடுற? இவவுக்கு நாங்க வாசிக்காட்டி நாங்க என்னத்துக்கு வாசிக்கிற?”

அவர்கள் வந்து வாசிக்கக் கேட்கிறார்கள் என்று நான் களவை ஒப்புக்கொண்டதும் ராத்தா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து டக்கென்று வைத்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னாள். தன் வீட்டு ஹோலில்தான். தெரிந்த பெண்கள் இருபது பேர். பின்னேரம் அஸர் தொழுதபின் தொடங்கி, பொழுதுபட்டுச் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முன் முடிக்க வேண்டும். தான் உள் அறையில் திரைக்குப் பின்னாலிருந்துதான் பாடுவாள்.

“ஒரு கவி. ஒண்டே ஒண்டு. அது பிசகினா அதோட உட்டுருவன். மறுகா குசினிக்குள்ளயும் என்ட சத்தம் ஒனக்குக் கேக்காது” என்றாள்.

சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சனிக்கிழமை நால்வரும் ஒரே ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். பாய் விரித்தோம். சாச்சி யாருக்கும் முதலே வந்து முன்னால் இடம் பிடித்துவிட்டார். புல்லாங்குழல்காரர் நற்பிட்டிமுனைப் பக்கத்துத் தமிழ்ப் பொடியன், நல்ல மரியாதை. சாச்சியிடம் போய்ப் பணிவாகக் கேட்டார்.

“மாமி, எங்கட கோயில்ல போடுற குரவை எனக்குத் தெரியும். உங்கட கலியாண ஊட்டுக் குரவை எப்பிடி? ஒருக்காப் போட்டுக் காட்டுங்களன், பாட்டுக்குள்ள வெக்கலாமெண்டு பாக்கிறம்.”

சாச்சியிடம் யாரும் இப்படிக் கேட்டுப் பல வருடமாகிறது. இப்போதெல்லாம் கலியாணம் மண்டபத்தில் நடக்கிறது, அங்கே குரவையை யார் தேடுகிறார்கள்? சாச்சி முக்காட்டை இழுத்துச் செருகினார்.

“செவியப் பொத்திக்க மனெ” என்றார்.

போட்டார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புல்லாங்குழல்காரர் பின்னால் நகர்ந்து வயலின் பெட்டியில் இடறினார். ஹோலில் எல்லோரும் கைதட்டி முடிக்கவில்லை, எதிர்வீட்டிலிருந்து பதில் குரவை வந்தது. பிறகு அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து. பிறகு முடுக்கிலிருந்து.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்தா வீட்டிலிருந்து குரவை எழுந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். வாப்பா அந்த வீட்டைக் கட்டி முடித்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத் தெரு பதினேழு வருடம் காத்துக்கொண்டிருந்தது.

முதலில் ஓடி வந்தவர் எதிர்வீட்டு மாமி. ஒரு நிறத்தில் சாறி, வேறொரு நிறத்தில் சட்டை, கையில் தன் வீட்டு விருந்தாளிக்கு அவித்து வைத்திருந்த வட்டிலப்பம். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், அழுதுகொண்டே முதுகில் இரண்டு அடியும் போட்டார்.

“ஒரு சொல்லுச் சொல்லல்லியே புள்ள. களவாக் கலியாணம் முடிக்கிறயா? நாங்க என்ன அயலூரா?”

“மாமி, இது கலியாணமில்ல, கச்சேரி” என்றேன். யார் கேட்டார்கள்? அவருக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள், பெண்களுக்குப் பின்னால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். முற்றத்தில் எங்கிருந்தோ கதிரைகள் முளைத்தன. வெள்ளைச் சேட்டும் ஒதுக்கிய தாடியுமாக இருந்த பாவத்துக்குக் கிற்றார் ஆசிரியரை மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் அவர் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

“எந்த ஊரு மனெ?”

“பாலமுனை.”

“என்ன தொழில்?”

“சங்கீதம் படிப்பிக்கிற.”

“அது சரி மனெ, தொழில்?”

ஆசிரியருக்கு வியர்த்துவிட்டது. “எனக்கு ரெண்டு புள்ள இரிக்கி காக்கா” என்று தப்பப் பார்த்தார். அந்த வார்த்தை கடப்படியைத் தாண்டும்போது ‘ரெண்டாந்தாரமாம்’ என்றாகியிருந்தது. சாச்சி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பின் நடுவில்தான் ராத்தாவின் நினைப்பு வந்தது.

திரையை விலக்கி உள்ளே போனேன். பச்சைச் சாறி உடுத்துக் கட்டில் விளிம்பில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

“கலியாணமாம்” என்றாள். “எனக்கு.”

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. “எல்லாரையும் அனுப்பிருறன் ராத்தா. இப்பவே அனுப்பிருறன்.”

“அனுப்பினா? நாளையிலருந்து என்னப் பாவம் பாத்துப் பாத்தே சாகடிச்சிருவாங்க.”

வெளியே யாரோ பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எத்தின பேர்?”

“நூறு வரும்.”

“வாப்பா சொன்ன நூறு” என்றாள். பிறகு எழுந்து திரைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். “பாங்குக்கு அரை மணித்தியாலம்தான் இரிக்கி. சொணங்காம றபானத் தட்டச் சொல்லு.”

நான் வெளியே வந்து கிற்றார் ஆசிரியரிடம் கண்ணைக் காட்டினேன். மாப்பிள்ளை உத்தியோகத்திலிருந்து விடுதலை கிடைத்த சந்தோசத்தில் அவர் ஒரே தாவலாகத் தாவிக் கிற்றாரை எடுத்தார். றபான் தொடங்கியது. வயலின் மெதுவாகச் சேர்ந்தது. சனம் நிக்காஹ்தான் நடக்கப்போகிறதென்று கப்சிப் என்று இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் எழுந்தது. அது எங்களுக்குச் சொல்லி வைத்திருந்த கவியல்ல.

பாய்விரிச்ச ஹோலுக்குள்ள பந்திவந்த மக்களெல்லாம்
மாப்புள்ள எங்கயெண்டு மூலமுடுக்குத் தேடாதீங்க
வாப்பா கட்டிவச்ச வாசலில இண்டைக்குத்தான்
கூப்பிட்டு வச்சிருக்கன் என் குரலுக்குக் கலியாணம்

முடித்தாள். றபானும் நின்றுவிட்டது. ஒரு சத்தமில்லை. எதிர்வீட்டு மாமி வட்டிலப்பக் கோப்பையை மடியில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாச்சி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார், செய்த வேலைக்கு இனி ஆயுளுக்கும் திறக்க மாட்டேன் என்பதுபோல. திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த ராத்தாவின் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. துணி கசங்கியிருந்தது. இன்னும் இரண்டு மூச்சு இப்படியே போனால் அவள் கட்டிலுக்குத் திரும்பிவிடுவாள், பிறகு எந்த ஃபேனுக்கும் எந்த மீனுக்கும் கவி கிடையாது.

எனக்கு அழுகை வந்தது. அழத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு தானாகச் சுழன்றது.

அதைக் குரவை என்று சொல்ல எனக்கே வெட்கம். கூவப் பழகுகிற சேவல் மாதிரி இரண்டு இடத்தில் உடைந்து, ஒரு இடத்தில் நின்று, மறுபடி கிளம்பியது. ஆனால் குரவைதான். சாச்சி வாயிலிருந்து கையை எடுத்தார். எதிர்வீட்டு மாமி சேர்ந்தார். பிறகு ஹோல் முழுக்க, முற்றத்துக்கு அப்பாலும், கூரை பறந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்கு.

திரைக்குப் பின்னால் ராத்தா சிரிப்பது கேட்டது.

“சாச்சி, அவட வாயக் கொஞ்சம் பொத்துங்க. ரெண்டாவது பாடப் போறன்.”

ஒண்டே ஒண்டு என்றவள் பாங்குக்குள் ஏழு பாடினாள். ஆசிரியர் மாப்பிள்ளையான கதைக்கு ஒன்று, வட்டிலப்பத்துக்கு ஒன்று, சாச்சியின் நாக்குக்கு ஒன்று. கடைசிக் கவி என் குரவையைப் பற்றியது. அதையும் என் கணவர் மனப்பாடம் செய்துவிட்டார்.

பாங்கு சொன்னதும் ஆண்கள் பள்ளிக்கு எழுந்து போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் திரையை விலக்கி உள்ளே போய் ராத்தாவிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார்கள். எதிர்வீட்டு மாமி வட்டிலப்பத்தைத் திருப்பிக் கொண்டுபோக மறுத்து, ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டு, அவள் கன்னத்தைத் தடவினார்.

“கலியாணம் நல்லா நடந்திச்சி மகள்” என்றார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். ராத்தா சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கலியாண வீட்டுப் பெண் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“நீங்க வந்தது பெரிய சந்தோசம் மாமி.”