ஜெபமாலை அட்டையில் என் கையெழுத்து

திண்டுக்கல்லில் கன்னியர் நடத்தும் பள்ளியில் என் மகள் செல்வி நான்காம் வகுப்பு படிக்கிறாள். அக்டோபர் மாதம் முழுவதும் குடும்பமாக ஜெபமாலை சொல்லி, தினமும் பெற்றோர் கையெழுத்திட வேண்டும் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். வீட்டு வேலையில் பாதி நாள் நாங்கள் ஜெபிக்கவே இல்லை. அட்டையைத் திருப்பித் தரும் நாளன்று, விடுபட்ட கட்டங்களில் எல்லாம் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை ஆறு மணியாகியும் பிள்ளை வரவில்லை. மாதாவே, மாதாவே என்று அழுதுகொண்டே பள்ளிக்கு ஓடினேன். வாட்ச்மேன், "கோயிலுக்குள்ள பாருத்தா. மாதாவே வந்து போதும்னாலும் உன் பிள்ளை எந்திரிக்காது போல" என்றார்.

பள்ளிக் கோயிலில் முழங்காலில் இருந்தாள்.

"ஏண்டி, எனக்கு உசுரே போயிருச்சு! இங்க என்ன பண்ற?"

"இது மூணாவது ஜெபமாலைம்மா. நாம சொல்லாத நாளு இன்னும் பதினொண்ணு இருக்கு. அதையும் முடிச்சிட்டா நீ போட்ட கையெழுத்து பொய்யில்லைல?"

அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

மறுநாள் அட்டை கொடுத்த சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மீதியை என் வீட்டுக்காரரும் சேர்ந்து மூவருமாகச் சொல்லி முடித்தோம். அதன் பிறகும் நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் ஏழு மணியானால், கொதிக்கிற உலையையும் இறக்கி வைத்துவிட்டு முழங்காலிடுகிறேன்.