கண்டக்டர் ஏலம் விட்ட பூசணிக்காய்

கண்டக்டருக்குத் தொண்டையைக் கொடுத்தது பஸ். வேலைக்காலம் முழுக்க நெரிசலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் கத்திப் பழுத்த தொண்டை அது. ஓய்வு பெற்ற மறு மாதமே சர்ச் கமிட்டி வந்து கவ்விக்கொண்டது. இவ்வளவு பெரிய தொண்டை ஊருக்குள் சும்மா கிடக்க விடுவார்களா?

அந்தச் சர்ச்சில் நிதி திரட்டாத மாதம் கிடையாது. கூரை நிதி, பெயின்ட் நிதி, ஸ்பீக்கர் நிதி. ஸ்பீக்கர் வாங்கியதைக் கொண்டாட ஒரு விருந்து வைத்தார்கள். அப்புறம் விருந்துச் செலவை ஈடுகட்ட இன்னொரு நிதி. வாசலில் ஆள் உயரப் பலகையில் தெர்மாமீட்டர் படம் வரைந்திருக்கும். காசு ஏற ஏறச் சிவப்பும் ஏறும். சர்ச்சுக்குக் காய்ச்சல் விட்டதாகச் சரித்திரமே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்த பொருளை ஜனங்களுக்கே விற்கிற விற்பனை நாளன்று கூத்து இன்னும் பெரிது. பாலும் சர்க்கரையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிறகு வரிசையில் நின்று அந்த டீயை நீங்களே காசு கொடுத்து வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்த கப்பைக் கழுவியும் வைத்தால் பாஸ்டர் மேடையிலிருந்து பாராட்டுவார்.

ஆனால் நிஜமான காசு ஏலத்தில்தான் வந்தது. ஏலம் கண்டக்டர் கையில். அவரிடம் ஒரு வித்தை இருந்தது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், உறவு சொல்லித்தான் கூப்பிடுவார். "மாமா முன்னூறு. அத்தை சும்மா இருப்பாங்களா? போன தடவை முட்டைக்கே நானூறு குடுத்தவங்க, இப்ப கோழியே வந்திருக்கு." மைக்கில் அத்தை என்று கூப்பிட்ட பிறகு யார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியும்? அத்தை அரைமனதாகக் கையைத் தூக்குவாள். மாமாவுக்கு ரோஷம் வரும். கோழி கடை விலையைப் போல நாலு மடங்குக்குப் போகும்.

அந்த வாய்தான் வினையாகவும் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி ஏலத்துக்கு வந்தது. கண்டக்டரின் கூடப்பிறந்த அண்ணன், கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர், அதை இருபதுக்குக் கேட்டார். "எங்க அண்ணன் உங்க துணியிலதான் மிச்சம் பிடிப்பார்னு நெனச்சேன், வாளியிலயும் மிச்சம் பிடிக்கப் பாக்குறார்" என்று கண்டக்டர் மைக்கில் சொன்னார். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. ஒரு தையற்காரரை நாலு பேர் நடுவில் துணி திருடுகிறவன் என்று சொல்வதைவிடக் கேவலம் வேறு உண்டா? அண்ணன் எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது.

அண்ணன் வீடு அடுத்த தெருதான். ஒரு எட்டு போய், தப்புதான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை. வீம்பு, வேறென்ன. "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"அத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சொல்ல வேண்டிய ஆள் பக்கத்துத் தெருவுல இருக்காரு" என்பாள் அவள்.

இந்த வருஷ விற்பனை நாளன்று காலையில் அவள் ஒரு சேதி சொன்னாள். "உங்க அண்ணனுக்குக் கண்ணு சுத்தமா மங்கிப்போச்சாம். கடையக் குடுத்துட்டு மக ஊரோடயே போறாங்களாம். வியாழக்கிழமை கிளம்புறோம்னு உங்க அண்ணி சொன்னாங்க."

கண்டக்டர் பாதிக் கப் காப்பியை அப்படியே வைத்துவிட்டார். மகள் ஊர் எட்டாத தூரம். அண்ணனுக்கு வயதும் ஆகிவிட்டது. இப்போது பேசாவிட்டால், அடுத்த முறை பார்க்கும்போது இருவரில் ஒருவர் பெட்டிக்குள் இருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது. அப்படியும் அடுத்த தெருவுக்குப் போகாமல் நேராகச் சர்ச்சுக்குத்தான் போனார்.

ஏலம் பாதி நடக்கும்போது பின் பெஞ்சில் அண்ணனும் அண்ணியும் வந்து உட்கார்ந்தார்கள். கண்டக்டர் குரலில் சுருதி இறங்கியது. கேக் போனது, போர்வை போனது. கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு பெரிய பூசணிக்காய் மேஜைக்கு வந்தது.

"நூறு" என்றது பின் பெஞ்சு.

உறவு சொல்ல வேண்டிய இடம். கண்டக்டருக்கு நாக்கு புரளவில்லை. "பின் பெஞ்சு நூறு" என்றார். "ஒரு தரம். ரெண்டு தரம்."

"இருநூறு." அதே குரல்தான்.

பொருளாளர் எழுந்தார். "ஐயா, நூறும் நீங்கதான் கேட்டீங்க."

"தெரியும். கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

பொருளாளர் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். வருகிற காசை யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

"பின் பெஞ்சு இருநூறு. ஒரு தரம், ரெண்டு தரம்."

"ஐநூறு."

சபை சிரித்தது. அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பின் பெஞ்சு ஐநூறு" என்பதற்குள் ஆயிரம் என்றார் அண்ணன். பாஸ்டர் கைதட்டினார். கமிட்டிக்காரர் ஒருவர் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் தேடி வெளியே ஓடினார்.

கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தரம் சொன்னால் ஏலம் முடிந்துவிடும். அண்ணன் முடிய விடவில்லை. தம்பி வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரும்வரை ஏற்றிக்கொண்டே போவார். ஊர் மாறிப் போகிற மனுஷன், இருக்கிற காசு பயணத்துக்கே பத்துமோ பத்தாதோ.

"ரெண்டாயிரம்" என்றார் அண்ணன்.

"அண்ணே" என்றார் கண்டக்டர். "போதும்ணே."

ஏலம் விட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் யாரிடமும் போதும் என்று சொன்னதில்லை. பொருளாளர் முகம் செத்துப்போனது.

"அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்புண்ணே" என்றார் அதே மைக்கில். "எங்க அண்ணன் யார்கிட்டயும் ஒரு சாண் துணி எடுத்ததில்ல. எல்லாரும் கேட்டுக்கங்க. நான்தான் வாய்க்கொழுப்புல பேசிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி முன்னால் வந்தார். கண்டக்டர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"நூறுக்கே முடிச்சிரலாம்ணே."

"கேட்டது கேட்டதுதான்." அண்ணன் நோட்டுகளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துப் பார்த்து மேஜையில் வைத்தார். பொருளாளருக்கு உயிர் திரும்பியது.

பாஸ்டர் நைசாகப் பக்கத்தில் வந்தார். "ஐயா, காயத் திரும்பக் காணிக்கையாக் குடுத்தீங்கன்னா, இன்னொரு தடவை ஏலம் விட்டுரலாம்."

அண்ணன் பூசணிக்காயை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "இதத் தர மாட்டேன். என் தம்பி எனக்கு வித்தது." அப்புறம் தம்பி நின்ற பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை விடியக்காலம் வண்டி. எனக்குக் கண்ணு தெரியாது, உங்க அண்ணிக்கு இடுப்பு வலி. இவ்வளவு பெரிய காய ஸ்டேஷனுக்கு யாருடா தூக்கிட்டு வருவா?"

"நான் தூக்கிட்டு வர்றேண்ணே" என்றார் கண்டக்டர்.