தலையணையோடு குடிவந்த செல்வி மேடம்

செல்வி மேடம் போய்விட்டார் என்று எதிர்வீட்டு மாதையன் போனில் சொன்னபோது, நான் பாப்பாரப்பட்டி சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் வத்தல்மலை ஒரு அடி குனிந்தது. பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று புரியும்.

எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை அவர். அவர் விசில் ஊதினால் அரூரில் கிளம்பிய பஸ் நின்றுவிடும். ஆள் என் தோள் உயரம். கோபம் வந்தால் தென்னை உயரம்.

கொரோனா ஊரடங்கில் ரயில் நின்றுபோக, மிசோரமிலிருந்து எங்கள் கல்லூரியில் படிக்க வந்த ரெமியும் மாவியும் எங்கள் தெரு வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணையும் மூக்கையும் பார்த்தே எங்கள் தெருவார் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கடையில் பால் இல்லை என்றார்கள். 'சீனாக்காரிங்க' என்றார்கள். உடனே காலி செய்யச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரை நெருக்கியவர் மாதையன்தான்.

நான் இந்திய வரைபடத்தை விரித்து, மிசோரம் நம் நாட்டில்தான் இருக்கிறது என்று தெருமுனையில் மாபெரும் சொற்பொழிவு ஆற்றினேன். தேவர்கள் பூமாரி பொழியவிருந்த நேரத்தில் மேடம் மெதுவாகக் கேட்டார்: "சீனாவா இருந்தா மட்டும் தொரத்தலாங்களா சார்?"

சொற்பொழிவு அத்தோடு முடிந்தது.

அன்று மாலையே தலையணையை இடுக்கிக்கொண்டு அந்தப் பெண்களின் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். "காலி பண்ணணும்னா மூணு பேரையும் சேத்துத் தூக்கி வெளிய போடு மாதையா" என்றார். மாதையன் அவரிடம் படித்தவர். கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னலைச் சாத்தவில்லை.

மறுநாள் வாசலில் மூவருக்கும் ராகிக் களியும் கீரைக் குழம்பும். ரெமி ஒரு கவளத்தை வாயில் போட்டுப் பல்லால் அரைக்கத் தொடங்கினாள். அரைத்தாள், அரைத்தாள், யுகங்கள் கடந்தன. தர்மபுரிக்காரன் எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுப்பானா? ஜன்னலிலிருந்து மாதையன் குரல் வந்தது: "மெல்லாதம்மா, கொழம்புல தொட்டு அப்பிடியே முழுங்கு."

நேற்றுவரை சீனாக்காரி, இன்று அம்மா. மேடம் தலை நிமிராமலே, "நாளைக்குக் கொழம்பு ஒன் வூட்டுலருந்து வரட்டும்" என்றார். வந்தது. ரயில் ஓடும்வரை அந்தப் பெண்கள் அங்கேயே இருந்தார்கள்.

நேற்று மேடத்தைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் மாதையன். ரெமி போனில் அழுதாள், தமிழில்.

அந்தத் தலையணையை நான் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன். பாறாங்கல் தோற்கும்; ஒரே இரவில் கழுத்து பிடித்துக்கொண்டது. இருந்தாலும் வாசல் பக்கமே வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் இனி யாரையாவது காலி செய்யச் சொன்னால், தூக்கிக்கொண்டு கிளம்ப ஒரு ஆள் வேண்டுமே.