ஆண்டவருக்கென்று மூடி வைத்த பானை

ஆடித்தபசுக் கூட்டத்துக்குள் தந்திக்காரர் எங்கள் தெருவைத் தேடி வெகுநேரம் அலைந்திருக்கிறார். அந்த நாட்களில் சங்கரன்கோவிலில் ஒரு தெருவைக் கடந்து மறு தெருவுக்குப் போவதே பெரும்பாடு. நான் வாசலில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தறிக்காரர்கள் கொடுக்கும் நூலைக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. தந்தி இங்கிலீஷில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவரே வாசித்தார். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் விதவையானதைத் தெரிந்துகொண்டேன்.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மனதில் இருப்பதை எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் செல்லத்துரை தறி ரிப்பேரில் கைதேர்ந்தவர். ஊரில் வேலை குறைந்துபோனதால் பஞ்சாப் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தார். கடையநல்லூர் மைதீன் என்பவரும் கூடப் போனார். ஒரே மில், ஒரே அறை. வேலை முடிந்து திரும்பும்போது தீவிரவாதிகள் பஸ்ஸில் வைத்திருந்த குண்டு வெடித்தது. இரண்டு பேருமே போய்விட்டார்கள். அனுப்புகிற நிலையில் உடல் இல்லை என்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த மண்ணை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத மனுஷன். அந்தப் பாஷைகூட அவருக்குச் சரியாக வராது. அவர் மேல் யாருக்கு என்ன பகை? ஆண்டவரிடம் கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றியது. பதில் இல்லை. எங்கள் சின்னவள் மேரி பஸ்ஸைக் கண்டாலே என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். எந்த பஸ்ஸும் வெடிக்கும் என்று நினைத்துவிட்டாள்.

தார் சுற்றி வருகிற கூலி வாடகைக்கே சரியாகப் போயிற்று. மூன்று வயிறு. ஐப்பசி மழையோடு வீட்டில் சோறு வடிப்பது நின்றது. கேப்பைக் கூழ், சில நாள் அதுவும் இல்லை. பெரியவள் எஸ்தர் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

என் அண்ணன் வந்து பார்த்தான். அவனுக்கும் நான்கு பிள்ளைகள். கண்ணீரோடுதான் சொன்னான். "ஏட்டி, அரைப் பரீட்சை முடிஞ்சதும் பெரியவள தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிரு. விடியக்காலம் வேன் வருது, சாயங்காலம் கொண்டாந்து விட்டுருதான். அவ சம்பாதிச்சாத்தான் சின்னதுக்கு ஒருவாய் சோறு."

எங்கள் தெருவிலிருந்து அந்த வேனில் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விரலெல்லாம் மருந்து அப்பி, தூங்கி விழுந்துகொண்டே இறங்கும். எஸ்தரின் அப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். "ஆண்டவரே, அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. என் பிள்ளை அந்த வேனில் ஏறக்கூடாது. அது ஒன்றுதான்." இதுதான் என் ஜெபம். வேறு வார்த்தையே வரவில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டு மூலையில் ஒரு பானை நிறைய அரிசி இருந்தது.

எங்கள் சபையில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியாக எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் காணிக்கையாகப் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபிறகு, ஏலம் வேண்டாம், அந்த அரிசி என் வீட்டுக்குப் போகட்டும் என்று பெண்கள் கூடித் தீர்மானித்தார்கள். ஞானம்மா அக்கா வாரந்தோறும் தலையில் சுமந்து வந்து இறக்கிவைப்பார்கள்.

நான் வாங்கி வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்தேன். சமைக்கவில்லை. ஆண்டவருக்கென்று எடுத்த அரிசியை நான் எப்படி உலையில் போடுவேன்? காசு கொடுத்து ஏலம் எடுத்தால் அது வேறு. சும்மா எடுத்துத் தின்றால் பீடத்திலிருந்து திருடித் தின்ற மாதிரி என்றே என் மனதில் பதிந்திருந்தது. தை மாத அறுப்பின் பண்டிகையில் மொத்தமாகத் திருப்பிப் படைத்துவிடலாம் என்று இருந்தேன்.

"எம்மா, அந்த அரிசில சோறு வைக்கலாம்லா?" என்று எஸ்தர் கேட்பாள்.

"அது ஆண்டவருக்குள்ளதுட்டி. தொடாத."

ஞானம்மா அக்கா என் பிள்ளைகளின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, எங்க வீட்டு அரிசியெல்லாம் ஒங்களுக்கு எறங்காதோ?" என்று ஒருநாள் குத்தலாகவே கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன்.

அரைப் பரீட்சையின் கடைசி நாள். அண்ணன் பேசி வைத்தபடி விடிந்தால் வேன் வரும். பகலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. "செல்லத்துரை அண்ணன் வீடு இதானாக்கா? நான் கதீஜா. மைதீன் வீட்ல" என்றாள்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள். "நாலு மாசம் வீட்டுக்குள்ளயே இத்தா இருந்து, முடிஞ்சு மொத மொத வெளிய எறங்கி இங்கனதான் வாரேன்க்கா. ஒங்கள ஒருவாட்டி பாக்கணும் பாக்கணும்னு இருந்துச்சு. எங்க வீட்டு ஆளு லீவுல வந்தா எப்பவும் அண்ணன் பேச்சுத்தான். அங்க அண்ணன்தான் சோறு வடிப்பாவளாம்."

குழந்தை பசியில் அழுதது. அவளும் காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்கிறாள். வீட்டில் ஒரு வாய்க் கூழ்கூட இல்லை. என்னைப்போல் இவளும் பறிகொடுத்தவள். இவளை எப்படி வெறும் வயிற்றோடு அனுப்புவேன்? வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னேன். பானையைக் காட்டினேன்.

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். "யக்கா, பிள்ளைகள காயப்போட்டு அரிசிக்குக் காவலா இருந்திய?" என்று சிரித்தாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பள்ளிவாசல்லயும் ஜகாத்துன்னு குடுத்தாவக்கா. மொதல்ல எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. எங்க மாமிதான் சத்தம்போட்டாவ. பிச்சையில்லடீ, ஒனக்குள்ள பங்கு, நீ வாங்கலேன்னா குடுத்தவங்களுக்குக் கடமை தீராதுன்னு. அல்லா அரிசிய வச்சு என்னக்கா செய்யப் போறான்? நம்மளுக்குத்தான அனுப்புதான்."

சின்ன வயதிலிருந்து ஆலயத்தில் விதவை, திக்கற்ற பிள்ளை என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவர்களுக்கு ஆண்டவர் பங்கு வைத்திருக்கிறார் என்று எத்தனை பிரசங்கம்! அதெல்லாம் வேறு யாரோ என்று இருந்துவிட்டேன். அது நான்தான். என் பிள்ளைகள்தான்.

முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உலை வைத்தேன். பல வீட்டு அரிசி அல்லவா? ரேஷன் அரிசி, புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்து கிடந்தது. ஒன்று குழைந்தது, ஒன்று வேகவே இல்லை. ரசம் மட்டும் வைத்தேன். பரீட்சை முடிந்து வந்த எஸ்தர் வாசலிலேயே நின்றுவிட்டாள். சோற்று வாசனை. மேரி தட்டோடு ஓடிவந்தாள்.

கதீஜா ஒரு வாய் வைத்துவிட்டு, "அவியளும் அந்த அறையில இப்பிடித்தான் அரைவேக்காடா வடிச்சுத் தின்னிருப்பாவ, என்னக்கா?" என்றாள். அவ்வளவுதான். தந்தி வந்த நாளிலிருந்து எனக்குள் உறைந்து கிடந்தது உடைந்துபோயிற்று. அவள் தோளில் விழுந்து கதறினேன். அவளும் கதறினாள். பிள்ளைகள் எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடியும் முன்னே வேன் வந்து ஹாரன் அடித்தது. அண்ணனும் வந்திருந்தான். நான் வெளியே போய் டிரைவரிடம், "எம்பிள்ள வரமாட்டா. நீங்க போங்க" என்றேன்.

"கோயில் அரிசியத் தின்னு காலம் தள்ளப் போறியாட்டி? ஊரு என்ன சொல்லும்?" என்றான் அண்ணன்.

"ஆமாண்ணே. எங்கப்பன் வீட்டு அரிசி. எனக்கு என்ன வெக்கம்?"

அவன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். வேன் போயிற்று.

அந்த அரிசி எங்கள் வீட்டுக்கு வருவது நின்றதே இல்லை. என் கூலி வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆயிற்று. மழைக்காலத்தில் தறி ஓடாத வாரங்களிலும் பிள்ளைகள் பசியோடு படுக்கவில்லை. எஸ்தர் பன்னிரண்டாம் வகுப்பு தேறி, இப்போது டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் கடையநல்லூருக்கும் போய் கதீஜாவின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வருவாள்.

என் துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் உட்கார்ந்த ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க இன்னும் எனக்கு முடியவில்லை. ஏன் அவரை எடுத்துக்கொண்டீர் என்று இன்னும் கேட்கிறேன். ஆனால் நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆண்டவர் எங்களைப் போஷித்தார். ஜெபிக்கத் தொடங்கும் முன்னே பதிலை மூலையில் இறக்கி வைத்திருந்தார்.

இதை வாசிக்கிற சகோதரியே, நீயும் யாரையாவது அப்படிப் பறிகொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாயோ? யாராவது தட்டினால் திற. வருகிறவர் உன் சபையாராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆண்டவர் அனுப்புகிறவர்களை நம்பி உள்ளே விடு. கைவிடாத என் தேவனுக்கே எல்லா மகிமையும்.