பந்தல் மாறி வந்த நாயனம்

அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா பேசிவைத்திருந்த மேளக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்பா தவித்துக்கொண்டு நின்றபோது, குதிரை வண்டிகளில் ஒரு நாயனக் கோஷ்டி வந்து இறங்கி, நேராகப் பந்தலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியது. அப்படி ஒரு வாசிப்பை எங்கள் தெரு கேட்டதே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வந்ததாக நாங்கள் நினைத்தோம். எங்கள் ஏற்பாடு என்று அவர்கள் நினைத்தார்கள்.

சாப்பிட்டு விடைபெறும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. நாயனம் வாசித்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்காக வந்தவரை, வண்டிக்காரர் எங்கள் பந்தலில் இறக்கிவிட்டிருக்கிறார். வித்வான் தலையில் அடித்துக்கொண்டு அங்கே ஓடினார். முகூர்த்தம் முடிந்துவிட்டிருந்தது.

சில மாதம் கழித்து எனக்கும் அப்பாவுக்கும் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறினார் என்று வித்வான் மேல் கடைக்காரர் வழக்குப் போட்டிருந்தார்.

"நாம எந்தப் பக்கம்பா?" என்று கேட்டேன்.

"எனக்கும் புரியலம்மா. உள்ளத சொல்லிட்டு வந்துடுவோம்."

கூண்டில் ஏறினேன். கடைக்காரரின் வக்கீல், "நீங்க அவரைக் கூப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்புறம் ஏம்மா வாசிக்க விட்டீங்க?"

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் என்னை நோக்கி வந்தார். திட்டப்போகிறார் என்று அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அவரோ, "எப்படிம்மா வாசிச்சாரு?" என்றார்.

சொன்னால் அவர் மனம் வலிக்குமோ, சொல்லாவிட்டால் பாவமோ என்று குழம்பினேன். "தாலி கட்டுறப்போ எங்கப்பா அழுதுட்டாருங்க" என்றேன்.

"எம் பொண்ணுக்கு ரிக்கார்டுதாம்மா பாடிக்கினு இருந்துது" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

அடுத்த வாய்தாவிலேயே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார். அவர் மகளின் வளைகாப்புக்கு வித்வான் தானாகவே வந்து வாசித்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையில் வளையல் போட்டுவிட்டபோது, சந்தோஷப்படுவதா, கூசுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றும் எதிர்பாராமல் ஒரு நல்லது வாசலுக்கு வந்தால், இது யார் வீட்டுக்குப் போக வேண்டியதோ என்று ஒரு கணம் மனம் தடுமாறத்தான் செய்கிறது.